பின்வாசலும் பசி மருந்தும்

கல்முனையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். எண்பதுகளில் எங்களிடம் இருமல் மருந்தைவிடப் பசி மருந்துதான் கூடப் போகும். சோற்றுக் கோப்பையோடு பிள்ளைக்குப் பின்னால் வீட்டு வளவெல்லாம் ஓடிக் களைத்தவர்களே, இந்தப் பாடு உங்களுக்குப் புதிதல்ல.

ஊசிக்காரன்

ஊசி போடுகிறவர் டொக்டர். பேர் மட்டும் எனக்கு. நான் சைக்கிளில் போனால் போதும், வேலிக்கு அங்கால் ஒரு பிள்ளை வீரிட்டு அழும். அழுகிற வாய்க்குள் சோற்றைத் தள்ளிவிடுவார்கள். ஒருநாள் பக்கத்து வளவு மாமி என்னை மறித்தே வைத்துவிட்டா.

"போயிடாம நில்லுங்க மகன், இன்னும் நாலு வாய் இரிக்கி."

கன்னத்துச் சோறு

ஐந்து வயது பரீதாவை அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கச்சி, தூக்கி வந்தா. பிள்ளையின் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான். காலையில் ஊட்டிய சோறு இன்னும் கன்னத்தில் அதக்கிக் கிடந்தது. விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. டொக்டர் தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், பூச்சி மருந்தும் பசி மருந்தும் எழுதினார். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

"ஓதித் தண்ணியும் குடுத்தாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு காக்கா. இறங்குதில்ல," என்று அண்ணனிடம் சொல்வதுபோல் என்னிடம் முறையிட்டா சாச்சி.

சீலைத் தலைப்பு

மருந்துக்குப் போத்தல் வருகிறவர்களேதான் கொண்டுவர வேண்டிய காலம். சாச்சி மறந்துவிட்டா. பக்கத்துக் கடையில் வாங்க எழும்பினா. உடனே பிள்ளை அவவின் சீலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மகள் விழுங்குறாயில்ல?" என்று கேட்டேன்.

"நான் சோறு திங்கக்குள்ளதானே உம்மா பின்வாசலால போன," என்றாள், கன்னத்துச் சோற்றோடேயே.

சாச்சி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அழுவா எண்டுதான் காக்கா, முன்வாசல்ல வெச்சி நான் சோறு தீத்தினன்."

பெரிய போத்தல்

இரண்டு வருசத்தில் உம்மா லீவில் வந்தா. பரீதா அவவோடு ஒரே சஹன் தட்டில் கைபோட்டுத் தின்கிறாள் என்று சாச்சி சொன்னபோது, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு ஒருநாள் உம்மாவே தனியாக வந்து நின்றா. அடுத்த கிழமை திரும்பப் போகிறாவாம். பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு கட்ட வேண்டும், சுவர் பாதியில் நிற்கிறது.

"இந்த முறை பிள்ளைக்குச் சொல்லிட்டு, முன்வாசலால போங்க தங்கச்சி," என்றேன்.

கொண்டுவந்த பெரிய போத்தலை என் முன்னால் வைத்தா.

"அவட மொகத்தப் பாத்துச் சொன்னா எனக்குப் போக ஏலாது காக்கா. மருந்த இது நிறையத் தாங்க."

நன்றாகக் குலுக்கித்தான் கொடுத்தேன். அந்த வீட்டில் அதை யார் குடிக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.