அம்மன் பலகையும் கஸ்பரின் லொறியும்

“அது அழகுக்குக் கட்டுறதில்லீங்க. குளிருக்கு. இஞ்சின் சூடு புடிக்கணும்ல” என்றார் கஸ்பர், ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டே. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய அத்தனை வருஷமும் விடியலில் சாக்கைக் கட்டுவார், வெயில் ஏறியதும் அவிழ்ப்பார். இரண்டு தடவையும் விளக்கம் சொல்லுவார்.

அன்று மாரியம்மன் திருவிழா. சாமியை ஆற்றங்கரையிலிருந்து மேலே கோயிலுக்கு ஏற்றிவர தோட்டத்துத் துரை லொறியைக் கொடுத்திருந்தார். இஞ்சினுக்கு ஏதாவது ஆனால் கஸ்பர் மறுநாளே, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வந்து, கூலியாட்களோடு நின்று மண்வெட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொல்லியிருந்தார்.

சாக்கு இருந்த இடத்தில் தோட்டத் தலைவர் பழனியாண்டி, அம்மன் படம் தீட்டிய பலகையைக் கயிறு போட்டுக் கட்டத் தூக்கி வைத்தார்.

“வேணாங்க தலைவரே. காத்து போற வழிங்க அது. ஏத்தத்துல ஆளுங்க நடைக்கு உருட்டுறப்ப வெளிக்காத்தும் அடிக்காது. தண்ணி கொதிச்சிரும்.”

“தெனம் சாக்கு கட்டுறப்ப கொதிக்கலயாம், எங்க அம்மன வச்சா மட்டும் கொதிச்சிருமாம்!” என்றாள் வேப்பிலைக் கட்டோடு நின்ற ராக்காயி. “மாதா படம்னா வச்சிருப்பீங்களோ, அண்ணே?”

கூட்டம் சிரித்தது. வேதக்காரரான கஸ்பருக்கு அதற்குமேல் வாதாட வழியில்லை. முந்தின வாரம்தான் பேத்தி பிறந்திருந்தாள். சண்டை போட மனமும் இல்லை.

லொறி புறப்பட்டது. முன்னால் தப்படித்து ஆடினவர்கள் நகருவதாகத் தெரியவில்லை. பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே போய் நின்றது. அம்மன் பலகையைச் சுற்றி ஆவி சீறிக் கிளம்பியது.

ராக்காயி குலவையிட்டாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சிலர் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

கஸ்பர் பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டார். பழனியாண்டி ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“என்ன கஸ்பரு, அம்மனா?”

“தண்ணிங்க தலைவரே.”

பழனியாண்டி ஒரு தரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பெரிய குரலெடுத்தார்: “ஆத்தா மேல ஏறி ஒக்காரணும்ங்குறா! கைகுடுங்கப்பா!”

பலகை லொறியின் தலைமேல் ஏறியது. ராக்காயிதான் முதலில் கைகொடுத்தாள். காற்று உள்ளே போனது, முள் இறங்கியது. குறைந்த தண்ணீரைக் கஸ்பர் பொறுமையாக ஊற்றி முடித்தார். சாமி கோயில் சேர்ந்தது. மறுநாள் மண்வெட்டி வேறு யாருக்கோ போனது.

கயிறு ஒரே இழுப்பில் அவிழ்ந்ததால் தப்பித்த இஞ்சின் அது. காலையில் பலகையைக் கட்டும்போது, எல்லாரும் சிரித்து முடித்தபின், கஸ்பர் சொல்லியிருந்தார்: “சரி, கட்டுங்க தலைவரே. முடிச்ச மட்டும் இறுக்கிப் போட்டுறாதீங்க.”