பேத்திக்கு ஊசி போட்ட நர்சு

பிறந்து ஒரு மாதம்கூடத் திகையாத என் பேத்திக்குச் சர்க்கரை நோய் என்று நாகர்கோவில் ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இன்சுலின் ஊசி போட வந்த நர்சு ஒல்லிப் பிள்ளை. மாஸ்குக்கு மேலே கண்ணும் சாந்துப் பொட்டும்தான் தெரியும். பெயர் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் குழந்தையின் தொடையைத் தொடுவாள்.

"பிறந்த அன்னைக்கு நாக்குல சேனை தொட்டு வச்சது நாந்தான் மக்கா. அந்தச் சீனித்தண்ணி கூடித்தான் இந்த நோய் வந்துட்டோ?" என்று கேட்டேன். என் சம்பந்தி அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நர்சு சிரித்துவிட்டாள். "ஆச்சி, இது கருவுலயே உள்ள ஜீன் கோளாறு. உங்க சீனித்தண்ணி என்ன செய்யும், பாவம்?"

பிறகு ஜீன் பரிசோதனை முடிவு வந்தது. இந்த வகைக்கு மாத்திரையே போதும் என்றார் டாக்டர். மாத்திரையைப் பொடித்துக் கலக்கிக் கொடுத்தார்கள்; சர்க்கரை இறங்கி நின்றது. ஆயுசுக்கும் ஊசிதான் என்று அழுத வீட்டில், அன்று எல்லோரும் சிரித்தோம்.

ஊசியை நிறுத்திய அன்று அந்த நர்சு வெறுங்கையோடு வந்தாள்.

"பிள்ளைய ஒருக்கா எடுத்துக்கிடட்டா ஆச்சி? குத்துத கைன்னு பயந்துருவாளோன்னு இதுவரைக்கும் தூக்கல்ல."

கொடுத்தேன். தோளில் போட்டதும் கள்ளி உறங்கிவிட்டாள். டூட்டி முடிந்து, அடுத்த நர்சு வந்து கூப்பிட்டும் அந்த ஒல்லிப் பிள்ளை அசையவில்லை. நானும் குழந்தையைத் திருப்பிக் கேட்கவில்லை.