சும்மா கிடக்கும் பேட்டரி

“வண்டிய எறக்கத்த பாத்து நிறுத்துங்க சார்!”

வேலிப் படலைத் திறப்பதற்கு முன்பே சந்தியாகப்பன் கத்துவார். வணக்கம், சௌக்கியமா, தண்ணி குடிக்கிறீங்களா எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் தடவை போனபோது, மேட்டில் நிறுத்தினால் கார் பின்னால் உருண்டுவிடும் என்ற அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போதுதான் விஷயம் புரிந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. நான் உள்ளே கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த நேரத்தில் மனிதர் பானெட்டைத் திறந்து, என் பேட்டரியில் இரண்டு கிளிப்பை மாட்டி, ஒரு கதவுக்கு வேண்டிய பலகை முழுவதையும் அறுத்து முடித்திருந்தார்.

“இன்னா சார் இப்ப? பிரேக்க வுட்டா வண்டி தானா எறங்கும். பாதி வழியில கியர போடுங்க, புடிச்சிக்கும்,” என்றார். பிடித்துக்கொண்டது. அதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

“என்னைக் கேட்டிருக்கலாமே” என்று அடுத்த தடவை சொன்னேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். “கேக்கறதுக்கு இன்னா கீது? வண்டி நின்னுனு இருக்குது, கரண்டு அதுல சும்மாதான கெடக்குது?”

இந்த ‘சும்மாதான கெடக்குது’தான் சந்தியாகப்பனின் வேதம். மற்ற வேதத்தை அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்பார்.

கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற ரோட்டில், ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு மண் பாதை பிரியும். அதில் போய் ஓடையைத் தாண்டினால் அவருடைய கொல்லை, சின்னத் தோட்டம்தான். கரண்ட் கம்பங்கள் ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டன. கொய்யா, முருங்கை, கொஞ்சம் தக்காளி, எந்த வருஷமும் காய்க்காத ஒரு பலா, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இவ்வளவுக்கு நடுவில் துளை போடும் மெஷின், பலகை அறுக்கும் மெஷின், இரும்பு வெட்டும் மெஷின், சருகு ஊதும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின் என்று ஒரு பட்டாளமே வைத்திருக்கிறார். வாளி, நாற்காலி, மண்வெட்டிக் காம்பு, எல்லாவற்றிலும் ஒரு துளையாவது இருக்கும். எதற்கு என்று கேட்டால், “மாட்டிக்கலாம் சார்” என்பார். எங்கே மாட்டுவது என்றால், அதற்குச் சுவரில் ஒரு துளை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் மைக்செட் போட்டவர். மாதா கோயில் தேர்த் திருவிழா, மாரியம்மன் கூழ் ஊற்றல், மஞ்சள் நீராட்டு, பதினாறாம் நாள் காரியம் எதுவானாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை நுழைத்துக் கரண்ட் எடுத்துவிடுவார். “சுத்துப்பட்டுல எந்த வூட்டுக் கரண்டு எப்படின்னு எனக்குத் தெரியும் சார். சில வூட்டுக் கரண்டு லேசா வரும், சில வூட்டுக் கரண்டு கர்வமா வரும்.” சொந்தமாகக் கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

தோன்றவைத்தவர் அவருடைய மனைவி சாந்தாமேரி.

சாந்தாமேரி அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பார்வையில் நூறு பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்த அம்மாள், இழுப்பு வந்தால் மட்டும் ஒரு சொல் பேச முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் வீடு மெயின் ரோட்டின்மேல் இருக்கிறது. ஜல்லி லாரி போகும்போதெல்லாம் வாசலில் ஒரு மேகம் எழுந்து அடங்கும். ‘தூசி இல்லாத இடத்துக்குப் போங்கள்’ என்று டாக்டர் சொன்னார். தூசி இல்லாத இடம் கொல்லைதான். ஆனால் இழுப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கி மூக்குக்குள் அனுப்பும் நெபுலைசர் மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

“மெஷினு ஓடற எடத்துலதான் நான் மூச்சு வுடுவேன்” என்பது சாந்தாமேரியின் தீர்ப்பு.

சந்தியாகப்பனுக்கோ மனைவி இல்லாமல் ஒரு ராத்திரி தங்கத் தெரியாது. மொபெட்டில் காலையில் கொல்லைக்கு வருவார், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடுவார். ஓடை ஓரத்தில் இருவரும் கட்டில் போட்டு உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு கனவு. இதைச் சொல்லும்போது மட்டும் மெஷின்களைப் பற்றிப் பேசமாட்டார்.

அதற்காகத்தான் மூடிப்போன ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி வந்தார். பழைய ஸ்பீக்கர் ஸ்டாண்டின் மேல் ஒரு சோலார் பேனலைப் பொருத்தினார். பேட்டரிப் பெட்டிக்கு மேல் அந்தோணியார் சுரூபத்தை வைத்து, அவர் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கையும் மாட்டினார். பேட்டரி நிறைந்திருந்தால் அந்தோணியாருக்குப் பச்சை ஒளிவட்டம், குறைந்தால் சிவப்பு, தீர்ந்துபோனால் ஒளிவட்டமே கிடையாது. பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு சிலுவைக் குறி போட்டுக்கொண்டாராம். சாமியாருடைய வண்டியையும் சந்தியாகப்பன் இறக்கம் பார்த்து நிறுத்தச் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

சிக்கல் இதுதான்: அந்தோணியாரைப் பச்சையாகப் பார்த்தால் சந்தியாகப்பனுக்குக் கை நிற்காது. மத்தியானம் பேட்டரி நிறையும். உடனே எதையாவது அறுப்பார், வெட்டுவார், ஊதுவார். சாயங்காலம் அந்தோணியார் இருட்டில் நிற்பார்.

தவக்காலத்தில் ஒரு நாள் சாந்தாமேரி கெடு வைத்தார். “வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வர்றேன். மெஷினு ஓடுதான்னு பாக்கறேன். ஓடலன்னா கொல்லைய வித்துட்டு, பேசாம வூட்ல என்கூட உக்காந்து டிவி பாக்கணும். சம்மதமா?”

டிவி என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். சம்மதித்தார்.

மனைவியின் மெஷினை வைக்க ஒரு அலமாரிப் பலகை செய்யலாம் என்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தார். பலகையை மட்டும் அறுத்திருந்தால் பரவாயில்லை. ‘சாந்தாமேரி’ என்று அதில் எழுத்தெழுத்தாக வெட்டி எடுத்தார். ‘ரி’யின் சுழியை வெட்டும்போது அந்தோணியார் அணைந்துபோனார். அதன்பின் அவர் செய்ததை நான் பாராட்டத்தான் வேண்டும்: இங்கே இருந்தால் கை சும்மா இருக்காது என்று, கொல்லைப் பக்கமே வராமல் வீட்டில் அடைந்துகிடந்தார். வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது.

“ஒரு ஓட்ட போடல சார் இன்னிக்கு வரைக்கும். கை ஒதறுது. பரவால்ல. வெயிலு நல்லா அடிக்குது, பேட்டரி ரொம்பிடும். ஞாயித்துக்கெழம உங்க வண்டியில எங்க ரெண்டு பேரையும் இட்டுனு போய்டுங்க. உங்க வண்டிமேல கை வெக்கமாட்டேன், அந்தோணியார்மேல சத்தியம்.”

போனோம். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு சாந்தாமேரி முன்சீட்டில், மெஷின் பெட்டி மடியில். பின்சீட்டில் சந்தியாகப்பன். படலைத் திறந்து உள்ளே போனோம். மேலே மலைக் கிராமத்திலிருந்து புளி கொண்டுவந்து விற்கும் அம்சவல்லி எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் சோலார் பேனல். பேனல் முழுக்க, ஒரு விரல் வைக்க இடமில்லாமல், புளி.

“இன்னா வல்லி இது?” என்றார் சந்தியாகப்பன்.

“புளிணா. நீதான செவ்வாக்கெழம சொன்ன, பாறையில போட்டா கொரங்கு வருது, இந்தக் கண்ணாடி மேல போட்டுக்கன்னு.”

“ஒரு ஓரமா போட்டுக்கன்னேன்!”

“ஓரமாதான் போட்டேன். அப்புறம் பாத்தா நடுவுல அவ்ளோ எடம் சும்மாதான கெடக்குது? சரிஞ்சி சரிஞ்சி வுழுதுன்னு ஸ்டாண்டையும் மட்டமா படுக்க வெச்சிட்டேன். எப்படிக் காஞ்சிருக்குது பாருணா!”

அம்சவல்லியை என்ன சொல்வது? அது அவருடைய வேதமில்லை, சந்தியாகப்பனுடையது. நான் சிரித்திருப்பேன். ஆனால் தரையெல்லாம் புளி ஓடும் தூளுமாகக் கிடந்தது. காற்று ஒரு வீச்சு வீசியது. சாந்தாமேரி இரண்டு தரம் இருமினார். மூன்றாவது தரம் இருமலோடு சேர்ந்து இழுப்பும் வந்துவிட்டது.

அறைக்குள் கட்டிலில் உட்காரவைத்தோம். சந்தியாகப்பன் மெஷினைச் செருகி சுவிட்சைப் போட்டார். மெஷின் ‘உர்’ என்றது. இன்வெர்ட்டர் ‘கீ’ என்று கத்தியது. இரண்டும் அடங்கின. அந்தோணியாரின் தலைக்குப் பின்னால் இருட்டு. சாந்தாமேரிக்குப் பேச மூச்சில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. அந்த அம்மாள் கணவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்குத் தைரியமாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

சந்தியாகப்பன் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காரை அறைக் கதவு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தேன். தக்காளிப் பாத்தி ஒன்று போயிற்று. அவர் பானெட்டைத் திறந்து, நூறு தடவை செய்த வேலையைத் தடுமாறித் தடுமாறிச் செய்தார். இன்வெர்ட்டர் ஒயரின் கிளிப்பை மாட்டும்போது சொன்னார்: “இஞ்சின அணைக்காதீங்க சார். ஓடட்டும். எவ்ளோ பெட்ரோலு ஆனாலும் ஓடட்டும்.”

யார் வண்டியானாலும் இஞ்சினை ஓடவிட்டு அவர் கரண்ட் எடுத்ததே இல்லை. அது வீண் செலவு என்பார்.

மெஷின் ஓடியது. மூக்கை மூடிய முகமூடிக்குள் வெள்ளைப் புகை எழுந்தது. சாந்தாமேரியின் தோள்கள் ஏறி ஏறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. சந்தியாகப்பன் தரையில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுதார் என்றே எழுதிவிடுகிறேன்; படித்தால் மறுப்பார்.

முகமூடியைக் கழற்றிய சாந்தாமேரி முதலில் பேசியது அம்சவல்லியிடம்தான். “புளி நல்லாத்தான் காஞ்சிருக்குது. எனக்கு ஒரு கூடை எடுத்து வையிம்மா.” பிறகு அலமாரிப் பலகையில் தன் பெயரைப் பார்த்தார். ‘ரி’யின் சுழி பாதியில் நின்றிருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார்.

“இதுக்குத்தான் பேட்டரிய காலி பண்ணீங்களா?”

சந்தியாகப்பன் தலையாட்டினார்.

“கொல்லைய விக்க வாணாம். ஆனா இனிமே அந்தப் பேட்டரிமேல கை வெச்சா, உங்கள வித்துடுவேன்.”

ஈஸ்டருக்குப் பிறகு நேற்றுதான் போனேன். படலருகே காரை நிறுத்தி, பழக்க தோஷத்தில் இறக்கம் பார்த்துத் திருப்பப்போனேன். “எங்க வேணா நிறுத்துங்க சார்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்கே என்னவோ போலிருந்தது.

ஓடை ஓரத்தில் கட்டில் கிடந்தது. அதில் சாந்தாமேரி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் இங்கே குடிவந்து சில வாரம் ஆகிறது. பேனல் துடைத்துப் பளபளவென்று நின்றது. புளிக்குத் தனியாக ஒரு பழைய பேனர் விரித்திருந்தார்கள். பலா மரத்தடியில் சந்தியாகப்பன் கைரம்பத்தை வைத்துக்கொண்டு ஒரு பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

“அந்த ஒரு பலகைய திங்கக்கெழமையிலர்ந்து அறுக்கறாரு” என்றார் சாந்தாமேரி. “கேட்டா, கை வேலைதான் சுத்தமா வருமாம்.”

“வருது இல்ல?” என்றார் சந்தியாகப்பன். கோணலாகத்தான் வந்திருந்தது.

உள்ளே போனேன். அந்தோணியார் பச்சைப் பசேலென்று ஜொலித்தார். நல்ல வெயில், மத்தியானம்தான். பேட்டரி வழிய வழிய நிறைந்திருந்தது. கொல்லையிலிருந்த மெஷின்கள் எல்லாம் சுவரில், அவற்றுக்கென்று போட்ட துளைகளில், வரிசையாகத் தொங்கின. நெபுலைசர் தன் பலகையில் உட்கார்ந்திருந்தது. வந்ததிலிருந்து அதற்கு அவ்வளவாக வேலை இல்லையாம்.

என் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் என் காரிலிருந்து போன கரண்டுக்கு இது ஒரு சின்னக் கைம்மாறு என்று நினைத்து, சார்ஜரைப் பலகைக்குக் கீழிருந்த பிளக்கில் செருகினேன்.

வெளியே ரம்பச் சத்தம் நின்றது. சந்தியாகப்பன் உள்ளே வந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். என் சார்ஜரைப் பிடுங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, என் சட்டைப் பையில் வைத்தார்.

“சும்மா கெடக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ரம்பத்தை எடுக்கப் போனார்.