ஏப்ரல் சீசனுக்குக் காயவைத்த வீடு

தேயிலைத் தோட்ட வேலையை விட்டதும், டயகமவில் நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவை, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நுவரெலியாவில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது வெள்ளைக்காரன் காலத்து வீட்டின் மேல்மாடி. சுவரெல்லாம் பூஞ்சணம். மனைவி முதல் வேலையாக, லயத்தில் செய்வதுபோல, இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு அறை அறையாக வைத்தாள். நான் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். வீடு மெல்லக் காய்ந்தது. "இப்பதாங்க நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

மார்ச் கடைசியில் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். சிங்களத்தில், அன்பாகத்தான் பேசினார். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பு ஆட்கள் கூடுதல் வாடகைக்கு விடுமுறை கழிக்க வருவார்களாம், அந்த மாதம் மட்டும் நாங்கள் ஊருக்குப் போய் வரவேண்டுமாம். எங்களுக்கு ஏது ஊர்? அவர் சுவரைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆள் குடியில்லாவிட்டால் இந்தக் குளிருக்கு வீடு பூஞ்சணம் பூத்துவிடும், அதற்காகத்தான் மற்ற மாதங்களில் வாடகைக்கு விடுகிறேன் என்றார். ஒளிக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

கொழுந்தியாளின் காம்பராவில் ஒரு மூலையில் அந்த மாதத்தைக் கழித்தோம். மே மாதம் அதே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தோம். வேறு எங்கே போவது? எங்கள் கட்டிலில் யாரோ படுத்த வாசனை. மழை தொடங்கிவிட்டது, ஜன்னலோரச் சுவரில் மறுபடி கறுப்புப் புள்ளிகள். மனைவி சட்டியை எடுத்துத் தணல் போட ஆரம்பித்தாள், அடுத்த ஏப்ரலுக்கு.