பால்கனி கிரில்லுக்கு ஒரு கதவு

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும், மாடியிலிருந்து விழுவதற்கா, தீக்கா? இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயந்தால் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது என்கிறார் என் கணவர்.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில், மூன்று மாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. மகள் நடக்கத் தொடங்கியதுமே பால்கனி முழுவதற்கும், கைப்பிடிச் சுவரிலிருந்து கூரை வரை, இரும்பு கிரில் போட்டேன். வெல்டிங் செய்தவரின் பக்கத்திலேயே நின்று அவரைப் பாடாய்ப் படுத்தினேன். கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையக் கூடாது, கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. “சின்னதா ஒரு கதவு வச்சிடவாக்கா?” என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அதன் பிறகு பல மாதங்கள் அந்தப் பால்கனியைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

மகள் பிறப்பதற்கு முன் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மசோதா எப்படிச் சட்டமாகிறது, ஒரு துறைக்கான பணம் மானியக் கோரிக்கையாக எப்படிச் சட்டசபைக்கு வருகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியவள். அந்தப் பழக்கத்தில் தீயணைப்புத் துறையின் மானியக் கோரிக்கை பற்றிச் செய்தி வந்தால் விடாமல் படிப்பேன். புது வண்டி, புது நிலையம், வீரர்களுக்குப் பயிற்சி, பொதுமக்களுக்குப் பயிற்சி. பொதுமக்கள் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அது நான்தானே?

செய்தித்தாளோடு எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய், நமக்கும் அந்தப் பயிற்சியைக் கேட்கலாம் என்றேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.

“லைசென்ஸ், டிரில் எல்லாம் உயரமான கட்டடத்துக்குத்தாம்மா. நம்மள யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்கலைன்னா தீப்பிடிக்காதா சார்?”

“டீச்சர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா. லெட்டரை நீயே எழுதிடு.”

எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றதால் வண்டி உள்ளே நுழைய முடியவில்லை. முனையில் இளநீர்க் கடையருகே அதை நிறுத்திவிட்டு ஓர் அதிகாரியும் இரண்டு வீரர்களும் நடந்தே வந்தார்கள். அதிகாரி ஏறக்குறைய என் வயதுப் பெண். நடந்து வந்ததையே முதல் பாடமாக்கினார்.

“நிஜமாவே நெருப்புன்னா நாங்க இந்நேரம் அங்க நின்னு இளநீர் குடிச்சிட்டு இருப்போம். வெளியில நிக்கிற கார் யாரோடதுன்னு கை தூக்குங்க.”

செயலாளரின் கையும் மெல்ல மேலே போனது.

சிலிண்டரில் பிடித்த தீயை ஈரக் கோணியால் மூடி அணைக்கக் கற்றுத் தந்தார்கள். அடுத்தது, மயங்கிக் கிடப்பவரைப் போர்வையில் வைத்துத் தூக்குவது. அதற்குப் பயிற்சி பொம்மை வேண்டும். “பொம்மைக்கு நிதி ஒதுக்கியாச்சு. எங்களுக்குத்தான் இன்னும் வந்து சேரலை,” என்றார் ஒரு வீரர். நான் போட்ட அம்புக்குறிகளில் ஏதோ ஒன்றின் நடுவே அந்தப் பொம்மை காத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். “நல்ல வெயிட்டா யாராவது படுங்க,” என்றார். எல்லோரும் செயலாளரைப் பார்த்தோம்.

பெண்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். “மெதுவாம்மா, இடுப்பு,” என்றார் அவர்.

“மயங்கினவர் பேசக் கூடாது சார்,” என்றார் அதிகாரி.

“முப்பது வருஷமா நான் ஒருத்தியே இழுத்துட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஒத்தாசைக்கு ஆள் கிடைச்சிருக்கு,” என்றார் செயலாளரின் மனைவி. சிரிப்பில் போர்வையை நழுவவிடப் பார்த்தோம்.

கடைசியாக, படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால் எந்த வழியாக மீட்பது என்று காட்ட ஏதாவது ஒரு வீட்டுக்குள் போக வேண்டும் என்றார்கள். நான்தான் முந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். அடுப்பு, ரெகுலேட்டர், வயரிங் எல்லாவற்றையும் பார்த்து, நல்லா வச்சிருக்கீங்க என்று பாராட்டினார் அதிகாரி. பிறகு பால்கனிக்குப் போய் கிரில்லைப் பிடித்து அசைத்தார்.

“இது எங்க திறக்கும் மேடம்?”

“திறக்காது,” என்றேன்.

“அப்போ ஏணி வச்சு வந்தாலும் நாங்க வெளியில, நீங்க உள்ள. கம்பியை வெட்டித்தான் எடுக்கணும். நேரமாகும்.”

கடுமையாகச் சொல்லவில்லை. மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால் அப்படியே கீழ்ப்படிந்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

“வீட்டுக்குள்ள நீங்க போடுற கிரில்லுக்கு என்கிட்ட விதி எதுவும் இல்ல மேடம். ஒரு கதவு வச்சுக்கோங்கன்னு சொல்லத்தான் முடியும்.”

“உங்க வீட்டுல எப்படி?”

அவர் சிரித்துவிட்டார். “எனக்கும் ரெண்டு பசங்க. நான் கிரில்லே போடலை. அதனால மாமியார் பால்கனிக் கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிறாங்க. தினம் சண்டைதான்.”

அந்த வாரமே பழைய வெல்டரைக் கூப்பிட்டேன்.

“அன்னிக்கு கதவு வைக்கிறேன்னேன், வாணாம்னே. இப்போ வெட்டு இன்ற. இன்னாக்கா பேஜாரா கீது?”

“இனிமே மாத்தச் சொல்ல மாட்டேண்ணா.”

“இதையும் அன்னிக்கே சொன்னியேக்கா.”

இப்போது ஓர் ஆள் குனிந்து வெளியேறும் அளவுக்குக் கதவு இருக்கிறது. அதில் ஒரு பூட்டு. சாவியை எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். புகையில் சமையலறைக்குப் போக முடியுமா என்று தோன்றியது. பால்கனிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, “அம்மா, சாவி,” என்று கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நம்பர் பூட்டு போடலாம் என்றேன். பதற்றத்தில் உன் போன் நம்பரே உனக்கு ஞாபகம் வராது என்றார் கணவர். அது உண்மைதான்.

பிறகு என் சங்கிலியில் ஊக்கோடு கோத்துக்கொண்டேன். இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று இருந்தேன். நேற்று கேம்ப் ரோட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கை கழுத்துக்குப் போனது. சாவி என்னிடம் இருக்கிறது, மகளும் என் மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். இருவரும் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “காய் எங்கம்மா?” என்றார் மாமியார்.

மாடி வீட்டில் கிரில்லும் சின்னக் குழந்தையுமாக இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். பெரியவர்கள் யாராக இருந்தாலும் புகையில் தடவியே எடுக்க முடிய வேண்டும், நாற்காலி போட்டு ஏறும் மூன்று வயதுக்கு எட்டக் கூடாது. உங்கள் வீட்டில் அந்தச் சாவியை எங்கே வைக்கிறீர்கள்?