சரிவுத் திடலின் பதினொருவர்

எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் செயற்குழு ஞாயிறு காலைகளில் ஈப்போவில் ஒரு சீனர் கோப்பிக் கடையில் கூடும். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் இரட்டை மாடி வீடுகள் வந்தன. குழு மட்டும் தோட்டத்தின் பெயரோடு மிஞ்சியிருக்கிறது. செயற்குழுவில் இருக்கும் பதினொருவரும் ஒரு காலத்தில் அந்தக் குழுவுக்கு ஆடியவர்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இன்றைய ஆட்டக்காரர்களில் எவனாவது அன்றைய குழுவில் இடம் பிடித்திருப்பானா என்பதுதான் அவர்கள் பேசும் ஒரே விஷயம். மாட்டான் என்று ஒவ்வொரு வாரமும் தீர்ப்பாகும். அடுத்த வாரம் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வரும்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதே தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனால் குழுவுக்கு ஆடியதில்லை. ஆகவே அந்த மேசையில் எனக்குக் கோப்பி உண்டு, கருத்து கிடையாது.

குழுவின் தலைவர் அன்றைய சென்டர் ஃபார்வர்டு. பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எதிர்த்து, எங்கள் தோட்டத் திடலின் நடுப்புள்ளியிலிருந்து அடித்து கோல் போட்டவர். அந்த கோலை நானும் பார்த்தேன். அவர் சொல்வதில் பொய் இல்லை, பந்து நடுப்புள்ளியிலிருந்துதான் புறப்பட்டது. அது போய்ச் சேர்வதற்குள் எதிரணி கோல்கீப்பர் ஒரு முறை விழுந்து, எழுந்து, மறுபடியும் விழ நேரம் இருந்தது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

அந்த ஒரு கோலால் அவர் தலைவரானார். யார் ஆடுவது, யார் ஆடக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமையும் அவரிடமே வந்து தங்கிவிட்டது. அவர் வைக்கும் தேர்வு எளிமையானது. பாடாங் என்று நாங்கள் சொல்லும் பழைய தோட்டத் திடலில் நடுப்புள்ளியில் நின்று ஆற்றுப் பக்கத்து கோலுக்குள் பந்தை அடிக்க வேண்டும். அடித்தால் குழுவில் இடம். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். உலகத்தில் அவர் சொல்லுக்கு ஆட்கள் கட்டுப்படும் இடம் இந்தத் தேர்வு ஒன்றுதான். அதை அவர் விட்டுக்கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைய பதினொருவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பது அந்த மேசையில் பேசப்படாத விஷயம். தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிப்பார்கள். ஆட்டம் உள்ள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி அங்கேயே ஆட்டக்காரர்களின் பெயரையும் கூப்பிடுவார். பெயர் வந்தவனுக்கு அன்று அரை நாள்தான் வேலை. அரை நாள் ஓய்வைக் கொடுக்கும் அதிகாரம் கிராணியின் வாயில் இருந்ததால், கிராணியின் மைத்துனர் வருடக்கணக்காகப் பின்வரிசையில் நின்றார். இடது விங்கில் லாரி டிரைவர். பந்து தன் பக்கம் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆனால் அவர் ஆடாவிட்டால் வெளியூர் ஆட்டத்துக்கு லாரி வராது. துரை வீட்டுச் சமையல்காரரின் மகனும் ஆடினார். அவர் ஆடினால் துரை பார்க்க வருவார். துரை வந்தால் ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஆரஞ்சு பானம். கோல்கீப்பர் ஒருவர்தான் ஆடத் தெரிந்து உள்ளே வந்தவர். அதற்குக் காரணம், அந்த இடத்தில் அடிபடுவதற்கு வேறு யாரும் ஆசைப்படாதது.

சென்ற ஆண்டு ஒரு உடற்கல்வி ஆசிரியர் குழுவுக்குப் பயிற்சியாளராக வந்தார். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து இஸ்திரி கலையாத சட்டையோடு கோப்பிக் கடைக்கு வந்தார்.

"அண்ணே, இந்த வருஷம் ஆளு எடுக்கறத எங்கிட்ட விட்டுருங்க" என்றார் தலைவரிடம்.

"ஏன், நான் செத்துட்டேனா?"

"அப்படி இல்லண்ணே. நீங்க எடுக்கற பசங்க நம்ம பாடாங்ல நல்லாத்தான் அடிக்கிறானுங்க. கோப்பெங் போனா பந்து பாதி வழியில நின்னுருது. வெளிய போய் ஒரு மேட்சு ஜெயிக்கல."

"சோம்பேறிப் பசங்க லா. எங்க காலத்துல..."

"உங்க காலத்துலயும் வெளிய ஜெயிச்சதில்லன்னு சொல்றாங்களே."

லாரி டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார். "அது ரோடு சரியில்ல தம்பி. போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாருக்கும் வயிறு கலங்கிரும்."

"ரோட்ட ஏன் சொல்ற? நீ ஓட்டுன லட்சணம் அப்படி" என்றார் பழைய கோல்கீப்பர்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பதினோரு பேருல இன்னிக்கு டீம்ல எத்தன பேருக்கு எடம் கிடைக்கும்?"

இத்தனை காலத்தில் யாரும் கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதில்லை. தலைவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"பதினோரு பேருக்கும்" என்றார். "அடுத்த ஞாயிறு பாடாங்குக்கு வாரேன். என் டெஸ்டு தப்புன்னு நீ காட்டு. காட்டிட்டா, ஆளு எடுக்கறத உனக்கே குடுத்துர்றேன். இவங்கல்லாம் சாட்சி."

பழைய திடல் இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே மாரியம்மன் கோயில், கீழே ஆறு. பயிற்சியாளர் பத்துப் பன்னிரண்டு ஆட்டக்காரர்களோடு வந்திருந்தார். பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்கள். ஒருவர் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். நாங்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

பயிற்சியாளர் பந்தை நடுப்புள்ளியில் வைத்துக் கையை எடுத்தார். வேறு எதுவும் செய்யவில்லை. பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, ஆற்றுப் பக்கமாகப் போனது. யாரும் தொடாமலேயே அது கோல் கம்பத்துக்கு அருகில் போய் நின்றது.

ஹுத்தான் மெலிந்தாங் ஆள்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தத் திடல் சரிவு என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம், கோயில், ரப்பர் பால் கொட்டகை எல்லாமே சரிவில்தான் இருந்தன. அங்கே பிறந்தவர்களுக்குச் சமதரை என்றால் அதுதான்.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மிதிக்கணும் லா! கிக் ஆஃப்னா ஒருத்தன் பந்த மிதிச்சுக்கிட்டு நிக்கணும். இன்னொருத்தன் தட்டணும். ரூல் கூடத் தெரியாம கோச்சா வந்துட்ட!"

"அப்படி ஒரு ரூல் எங்கயும் இல்லண்ணே. பந்து ஓடிரக் கூடாதுன்னு நீங்க மிதிச்சீங்க. அவ்வளவுதான்."

எங்கள் குழு எந்த ஊருக்குப் போனாலும், திடல் தரையோடு தரையாக இருந்தாலும், ஒருவர் பந்தின் மேல் பயபக்தியோடு கால் வைத்து நிற்பார். எதிரணியினர் ஏன் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. பொறாமை என்று முடிவு செய்திருந்தோம்.

பயிற்சியாளர் பந்தை மறுபடியும் நடுவில் வைத்து, இந்த முறை கோயில் பக்கம் பார்த்து அடிக்கச் சொன்னார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடித்தார்கள். ஒரு பந்தும் கோலுக்குப் போகவில்லை. எல்லாம் பாதி மேட்டில் நின்று, யோசித்து, அடித்தவரின் காலடிக்கே திரும்பி வந்தன. இதைவிடத் தெளிவாக ஒன்றை நிரூபிக்க முடியாது என்று நான் நினைத்தேன்.

"பாத்தியா?" என்றார் தலைவர். அவர் முகத்தில் வெற்றி இருந்தது. "ஒருத்தனாலயும் முடியல. இதத்தான் நான் இவ்வளவு நாளா சொல்றேன்."

"அண்ணே, மேல பாத்து நீங்க யாராவது அடிச்சிருக்கீங்களா?"

"கோயில் பக்கம் பாத்து எவனாவது அவ்வளவு பலமா பந்து அடிப்பானா? சாமி குத்தம் லா!"

லாரி டிரைவர் தலையாட்டினார். கிராணியின் மைத்துனரும் தலையாட்டினார்.

மறு வாரம் கோப்பிக் கடையில் வாக்கெடுப்பு. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைவரிடமே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன, ஒன்றைத் தவிர. பயிற்சியாளருக்குக் கொடுக்கலாம் என்பவர்கள் யார் என்று கேட்டபோது கோல்கீப்பரின் கை பாதி உயர்ந்தது. கடைக்காரர் அதைப் பார்த்து இன்னொரு கோப்பி கொண்டுவந்து வைத்தார். கை அப்போதும் இறங்கவில்லை. தலைவர் அந்தக் கையை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

பயிற்சியாளர் சண்டை போடவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஈப்போவில் சமதளமான திடல் வைத்திருந்த வேறொரு குழுவுக்கு அவர் மாறியதும், ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் குழு அந்த ஆண்டு வட்டார லீக்கில் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தது. விலகினால் தோட்டத்தின் பெயர் போய்விடும் என்றார் தலைவர்.

"ஆளுக்கா பஞ்சம்?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். "நாம இருக்கோம்ல."

பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்றைய குழுவில் இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு இப்படியாக விடை வந்தது. பதினொருவருக்கும் கிடைத்தது. போட்டிக்கு வேறு யாரும் இல்லை.

முதல் ஆட்டம் கோப்பெங்கில். நான் தொழில் பழக்கத்தில் பார்த்தேன், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கால் மணி நேரம் எங்கள் குழு நின்றுகொண்டு ஆடியது. பிறகு சிலர் உட்கார்ந்துகொண்டார்கள். இடது விங்கில் லாரி டிரைவர் பழைய நாளைப் போலவே பந்து வராத இடமாகப் பார்த்து நின்றார். தலைவர் நடுப்புள்ளியிலிருந்து ஒரு முறை அடித்தார். எதிரணி ஆள் ஒருவர் அதை நடந்து வந்து எடுத்துக்கொண்டார். கோல்கீப்பர் மட்டும் உண்மையிலேயே ஆடினார். முழங்காலில் கட்டோடு விழுந்து விழுந்து தடுத்தார். அவர் தடுத்ததையும் மீறி ஒன்பது கோல்கள் விழுந்தன. அதற்குப் பிறகு எதிரணிப் பையன்கள் கோல் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்குக் காட்டிய மரியாதை அது. ஒன்பது கோல்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. அந்த மரியாதையைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு திரும்பியதும் தலைவர் பேசினார்.

"அடுத்த மேட்சுக்கு கீப்பர் வேணாம். ஒம்போது வாங்கிட்டான். ஃபார்ம் இல்ல."

கோல்கீப்பர் அவரைப் பார்த்தார்.

"மச்சான், நாம இருக்கறதே பதினோரு பேரு லா" என்றார் லாரி டிரைவர்.

"இருந்தா என்ன? ஆளு எடுக்கறதுன்னா ஒருத்தனையாவது வெளிய வைக்கணும். இருக்கறவன எல்லாம் எறக்கறதுக்கு நான் எதுக்கு?"

கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றித் தலைவரின் மடியில் வைத்துவிட்டு, முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே காரை நோக்கி நடந்தார். தலைவர் கையுறைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மீதி இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.