ராயப்பன்பட்டியில் எச்சில் சேகரித்தேன்

கண்ணுக்கே தெரியாத நானோ பொருளில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு: என்னதான் செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. கல்யாணப் பந்தியில் பிஎச்.டி. தலைப்பை விளக்கப்போய்ச் சாம்பார் ஆறிப்போன அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தங்கத்தில் துப்பலாமா?

தேனியில் எங்கள் ஆய்வகத்தில், சர்க்கரை பார்க்கிற பட்டை மாதிரி நான் செய்த ஸ்ட்ரிப் விரல் அகலம்கூட இருக்காது. அதில் ஒரு சொட்டு எச்சிலை வைத்தால், உடம்பில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' எவ்வளவு என்று லேப்டாப்பில் கோடு ஏறும். பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு அது கூடும் என்பதால் ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போனேன். அங்கே குலைகள் பந்தலில் தலைக்கு மேல் தொங்கும்; மருந்தை மேலே பார்த்து அடித்தால் பாதி நம் முகத்தில்தான் இறங்கும். சவரிமுத்து அண்ணன் வெறும் முகத்தோடுதான் அடிப்பார். மாஸ்க் போடச் சொல்லி அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா தினமும் சண்டை போடுவார். மூச்சு முட்டுகிறது என்பது அண்ணனின் பதில்.

உடம்புக்குள் பிடிக்கிற துருவை அளக்கப்போகிறேன், இதில் தங்கத் துகள் பூசியிருக்கிறேன் என்றேன். அண்ணன் ஸ்ட்ரிப்பைப் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தார். "தங்கம்னு நீங்களே சொல்றீக. அதுல போயி எப்படித் தாயி எச்சியத் துப்புறது?"

மூன்று கோடுகள்

ஒருவழியாகத் துப்பினார். கோடு திரையின் உச்சிக்குப் போனது. அக்கா கையோடு மாஸ்க் எடுத்து வந்து அவர் முகத்தில் மாட்டிவிட்டார். மருந்துப் பக்கமே போகாத அக்காவையும் சோதித்தேன், அதே உச்சி. சந்தேகம் வந்து என்னையே சோதித்தேன். மூன்று பேரில் நான்தான் முதலிடம்!

என் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவங்க வீட்ல உனக்குக் குடிக்க என்னம்மா குடுத்தாங்க?"

எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழ ஜூஸ். வந்தவரைத் தனியாகக் குடிக்க விடக்கூடாது என்று வீட்டாரும் கூடவே குடிப்பது அந்த வீட்டு வழக்கம். பழத்தில் இருக்கும் வைட்டமின் சி உடம்புக்கு நல்லது, என் ஸ்ட்ரிப்புக்கு எமன்; அதையும் துரு என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இதை அண்ணனிடம் சொல்லப் போனபோது அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனார். "இப்பத்தான் பயந்து மாட்டியிருக்காக. சொல்லிராதீக தாயி" என்று கெஞ்சினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பொய்யான ஒரு கோடு காட்டி ஒருவரைப் பயமுறுத்த மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்.

அண்ணன் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அப்பத் துரு எனக்கில்ல, உங்க மெஷினுக்குத்தான்!"

மறுபடியும்

அந்த மாஸ்க் ஆணியில் தொங்கியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வைட்டமின் சி உள்ளே நுழையாதபடி ஸ்ட்ரிப்பின் மேல் ஒரு மெல்லிய படலம் பூசினேன். ஆய்வகத்தில் எலுமிச்சைச் சாற்றையே ஊற்றிப் பார்த்தேன், கோடு அசையவில்லை. மருந்து அடித்த மறுநாள் காலை, ஜூஸுக்கு முன்னாலேயே போய் நின்றேன். இருவரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுச் சோதித்தேன். அக்காவின் கோடு தரையோடு போனது. அண்ணனுடையது, போன தடவை அளவுக்கு இல்லாவிட்டாலும், நன்றாகவே ஏறி நின்றது. இன்னொரு தடவை துப்புகிறேன் என்றார். மறுபடியும் அதே மேடு.

ஒரு ஆளின் எச்சில் ஆராய்ச்சிக்குப் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அண்ணன் எழுந்து போய் ஆணியில் இருந்த மாஸ்க்கை எடுத்துக்கொண்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. "இத்தன வருசமா நான் வாய் வலிக்கச் சொன்னேன், கேக்கல. அவுக எச்சியே சொன்ன பெறகுதான் கேட்டாக."

ஆக, இவ்வளவு படித்து, இவ்வளவு மெஷின் வைத்து நான் நிரூபித்தது, ஆரோக்கியம் அக்கா பல வருடமாகத் தன் வீட்டுக்காரரிடம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான்.